6,000 தோட்டா, ஒருமுறைகூட சிக்கவில்லை: 'நம்பகமான பிஸ்டல்' என்றால் என்னவென்று காட்டிய ஜான் பிரௌனிங்கின் கதை

ஒரு பிஸ்டல் நம்பகமானதா இல்லையான்னு எப்படி முடிவு செய்வது? விலையை வைத்தா? பிராண்டை வைத்தா? யூடியூப்பில் ஒருவர் பத்து நிமிடம் சுட்டுக் காட்டும் ரிவ்யூவை வைத்தா?

அமெரிக்க ராணுவம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதற்கு ரொம்ப நேரடியான ஒரு வழியைக் கையாண்டது: சுட்டுப் பார்ப்பது, சிக்கினால் எண்ணிக்கொள்வது. கோல்ட் நிறுவனம் கொண்டுவந்த ஒரே ஒரு பிஸ்டலை இரண்டு நாட்கள் விடாமல் சுட்டார்கள். மொத்தம் 6,000 தோட்டாக்கள். தொட முடியாத அளவுக்குச் சூடானதும் தண்ணீரில் முக்கி எடுத்து, மறுபடியும் சுட்டார்கள். கோளாறுகளின் எண்ணிக்கை: பூஜ்யம். போட்டிக்கு வந்த சாவேஜ் நிறுவனத்தின் பிஸ்டலுக்கு 37.

1911 மார்ச் 29 அன்று கோல்ட் பிஸ்டலை அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. அதனால்தான் அதற்கு எம்1911 என்று பெயர். 1985-ல் இத்தாலியின் பெரெட்டா அந்த இடத்துக்கு வரும் வரை, 70 ஆண்டுகளுக்கும் மேலாக அதுதான் அமெரிக்கச் சிப்பாய்களின் கைத்துப்பாக்கி.

அந்தச் சோதனை நடந்த இடத்தில், அதை வடிவமைத்த மனிதரும் இருந்தார். பெயர் ஜான் மோசஸ் பிரௌனிங். கோல்ட், வின்செஸ்டர், பெரெட்டா என்ற பெயர்கள் பழகிய அளவுக்கு இந்தப் பெயர் நமக்குப் பழக்கமில்லை. ஆனா, இன்று உலகில் விற்கும் பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது இவருடைய யோசனைதான்.

அப்பாவின் பட்டறை

பிரௌனிங் பிறந்தது 1855 ஜனவரி 23, அமெரிக்காவின் யூட்டா பகுதியில் ஆக்டன் என்ற சிறிய ஊரில். அப்பா ஜோனதன் பிரௌனிங் துப்பாக்கிக் கொல்லர். மார்மன் மதத்தைத் தழுவி, அந்தக் கூட்டத்தோடு மேற்கு நோக்கி வந்து குடியேறியவர். மூன்று மனைவிகள், 22 பிள்ளைகள்.

வீட்டை ஒட்டியே பட்டறை. உடைந்த துப்பாக்கிகள் பழுது பார்க்க வந்துகொண்டே இருக்கும். பத்து வயது வாக்கிலேயே, பட்டறையில் கிடந்த பழைய இரும்புத் துண்டுகளை வைத்து ஒரு துப்பாக்கியை உருவாக்கி, தம்பி மேட்டோடு பறவை வேட்டைக்குப் போனார் என்று குடும்பத்தினர் சொல்லிவந்திருக்கிறார்கள்.

இந்தப் பின்னணி முக்கியம். பழுது பார்க்கும் பட்டறையில் வளரும் ஒருவருக்கு, புதுத் துப்பாக்கி எப்படிப் பளபளக்கும் என்பதைவிட, பழைய துப்பாக்கி எங்கே உடையும் என்பதுதான் முதலில் தெரியும். எந்த ஸ்பிரிங் தளரும், எந்த ஆணி தேயும், எந்தப் பாகத்தைக் கழற்ற முடியாமல் விவசாயி திண்டாடுவார் என்பதெல்லாம் கண்ணெதிரே கிடக்கும். பிரௌனிங் பிற்காலத்தில் பெரும்பாலும் வரைபடம் போட்டு வேலை செய்யவில்லை. மனதில் ஓட்டிப் பார்த்து, நேரடியாக இரும்பில் அரத்தால் ராவி மாதிரியைச் செய்வார். சுட்டுப் பார்ப்பார். சிக்கினால் மாற்றுவார்.

1879 அவர் வாழ்க்கையில் பெரிய ஆண்டு. ரேச்சல் தெரசா சைல்டைத் திருமணம் செய்தார். அப்பா இறந்தார். ஒற்றைத் தோட்டா ரைஃபிள் ஒன்றுக்கு அவருடைய முதல் காப்புரிமை கிடைத்தது. 24 வயதில் தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு, ஆக்டனிலேயே சிறிய அளவில் அந்த ரைஃபிளைத் தயாரிக்க ஆரம்பித்தார்.

வின்செஸ்டர் வந்தது, பிறகு கசந்தது

அந்த ரைஃபிள் ஒன்று கைமாறி கைமாறி, பெரிய நிறுவனமான வின்செஸ்டரின் கண்ணில் பட்டது. 1883-ல் அதன் நிர்வாகி தாமஸ் பென்னட் ரயில் ஏறி ஆக்டனுக்கே வந்து, 8,000 டாலருக்கு உரிமையை வாங்கிப் போனார். அடுத்த 19 ஆண்டுகள் பிரௌனிங் கண்டுபிடிப்பார், வின்செஸ்டர் வாங்கும் என்பதுதான் ஏற்பாடு. 44 வடிவமைப்புகளை அவர்கள் வாங்கினார்கள். தயாரித்து விற்றது பத்து மட்டும்தான். மீதி? போட்டி நிறுவனங்களின் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு வடிவமைப்புக்கும் மொத்தமாக ஒரு தொகை, அவ்வளவுதான். லட்சக்கணக்கில் விற்றாலும் பிரௌனிங்குக்கு மேற்கொண்டு ஒரு சென்ட் கிடையாது. தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ஷாட்கன் ஒன்றை உருவாக்கியபோது, முதன்முறையாக அவர் ராயல்டி கேட்டார். வின்செஸ்டர் மறுத்தது. உறவு முறிந்தது.

அதே ஷாட்கனை எடுத்துக்கொண்டு 1902 ஜனவரி 8 அன்று ரெமிங்டன் நிறுவனத்துக்குப் போனார். தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லியைப் பார்க்கக் காத்திருந்த நேரத்தில், அவர் மாரடைப்பால் இறந்துவிட்ட செய்தி வந்தது. பிரௌனிங் அடுத்து எடுத்த முடிவு, ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறுவது. பெல்ஜியத்தில் லியேஜ் நகருக்கு அருகில் எர்ஸ்டால் என்ற ஊரில் இருந்த எஃப்.என். நிறுவனம் அந்த ஷாட்கனைத் தயாரிக்க ஒப்புக்கொண்டது. ஆட்டோ-5 என்ற அது 90 ஆண்டுகளுக்கும் மேல் தயாரிப்பில் இருந்தது.

புல் சாய்ந்ததைப் பார்த்தவர்

சரி, பிஸ்டலுக்கு வருவோம். அதற்கு 1889-க்குப் போக வேண்டும்.

ஆக்டனில் நண்பர்களோடு ஒரு நாள் இலக்கு சுடும் பயிற்சி. ஒருவர் சுடும்போது, குழல் வாய்க்கு முன்னால் இருந்த செடிகள் காற்றில் சாய்வதை பிரௌனிங் கவனித்தார். வெடிமருந்து எரிந்து வரும் வாயு குண்டைத் தள்ளிவிட்டு, மீதிச் சக்தியோடு வீணாகப் போகிறது. அந்தச் சக்தியைப் பிடித்து, அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலையைத் துப்பாக்கியையே செய்ய வைத்தால் என்ன?

பட்டறைக்குப் போனதும் குழல் வாய்க்கு முன் ஓட்டை போட்ட ஓர் இரும்புத் துண்டை வைத்துச் சுட்டுப் பார்த்தார். இரும்பு பறந்தது. அங்கிருந்துதான் அவருடைய வாயு இயக்க இயந்திரத் துப்பாக்கி பிறந்தது. அடுத்த கேள்வி, சுடும்போது உண்டாகும் பின்னுதைப்பை வைத்து இதையே கையடக்கமாகச் செய்ய முடியுமா என்பது. 1897 ஏப்ரலில் ஒரே நாளில் நான்கு பிஸ்டல் காப்புரிமைகள் அவருக்குக் கிடைத்தன.

இதில் அவருடைய மிகப் பெரிய பங்களிப்பு, நாம் சினிமாவில் ஹீரோ 'க்ளிக்' என்று பின்னால் இழுத்துவிடும் அந்த மேல் பாகம். அதன் பெயர் ஸ்லைடு. விசையை அழுத்தியதும் ஸ்லைடு பின்னால் போகும். போகும்போதே காலி உறையை இழுத்து வெளியே எறியும். ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும். வரும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக் குழலில் ஏற்றும். இத்தனையும் கண் இமைக்கும் நேரத்துக்குள். ஸ்லைடு வைத்துத் தயாராகி விற்பனைக்கு வந்த முதல் பிஸ்டல், எஃப்.என். வெளியிட்ட மாடல் 1900.

.32 மாதிரி சக்தி குறைந்த தோட்டாவுக்கு ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்குமே போதும். .45 மாதிரி பலமான தோட்டாவுக்கு அது போதாது. அதனால், குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் ஒன்றாகப் பின்னால் போய், அழுத்தம் குறைந்ததும் குழல் கீழே சாய்ந்து விலகுவது போல ஓர் அமைப்பைக் கொண்டுவந்தார். எம்1911-ல் இருப்பது அதுதான். இன்றைய க்ளாக்கில் இருப்பதும் அதன் திருத்திய வடிவம்தான்.

பாக்கெட்டுக்கு ஒன்று, ரேஞ்சுக்கு ஒன்று

எல்லாவற்றுக்கும் ஏற்ற ஒரே பிஸ்டல் என்று ஒன்று கிடையாது. பிரௌனிங்கின் பட்டியலைப் பார்த்தாலே இது புரியும்.

உடைக்குள் வைத்துக்கொள்ள 1903-ல் கோல்ட் வழியாக ஒரு .32 பிஸ்டல் வந்தது. வெளியே நீட்டிக்கொண்டு துணியில் மாட்டும் சுத்தியல், ஸ்லைடுக்கு உள்ளே மறைந்திருக்கும். கைப்பிடியைச் சரியாகப் பிடித்து அழுத்தினால்தான் விசை வேலை செய்யும் என்ற பாதுகாப்பும் உண்டு. 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. சட்டைப் பைக்கே அடங்கும் குட்டி .25 பிஸ்டலையும் அவர் செய்தார்.

ரேஞ்சில் இலக்கு சுடுவதற்கு வேறு கணக்கு. 1915-ல் வந்த அவருடைய .22 பிஸ்டலுக்கு நீளமான குழல், குறைந்த உதைப்பு, மலிவான தோட்டா. பின்னாளில் வுட்ஸ்மேன் என்ற பெயரில் அது பிரபலமானது.

ராணுவத்துக்கு இன்னொரு கணக்கு. குதிரைப் படையினர், ஒரு கையில் கடிவாளத்தோடு இருப்பவர்கள். அவர்கள் கேட்டதால் கட்டைவிரலால் போடும் பூட்டு ஒன்று எம்1911-ல் கடைசியில் சேர்க்கப்பட்டது. சேற்றில் விழுந்தால், கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே பிரித்துத் துடைக்க முடிய வேண்டும். அதுவும் செய்யப்பட்டது.

எங்கே, யார், எப்படி வைத்துக்கொள்வார் என்பது முதலில். துப்பாக்கி அதற்குப் பிறகு.

பூஜ்யம் என்றால் உண்மையிலேயே பூஜ்யமா?

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு பார்க்கலாம். ரிவ்யூக்களில் அடிக்கடி வரும் ஒரு வரி: நூறு தோட்டா சுட்டேன், ஒருமுறைகூட சிக்கவில்லை. அதை வைத்து என்ன சொல்ல முடியும்?

புள்ளியியலில் 'மூன்றின் விதி' என்று ஒன்று உண்டு. ஒரு சோதனையை பல முறை செய்து ஒரு தோல்வியும் வரவில்லை என்றால், மூன்றை அந்த எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். உண்மையான தோல்வி விகிதம் அதைவிட அதிகமாக இருக்காது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம்.

- 100 தோட்டா, பூஜ்யம் கோளாறு: உண்மையான விகிதம் 100-க்கு 3 வரைகூட இருக்கலாம்.
- 500 தோட்டா, பூஜ்யம் கோளாறு: 1,000-க்கு 6 வரை.
- 6,000 தோட்டா, பூஜ்யம் கோளாறு: 2,000-க்கு 1 வரை.

அதாவது, நூறு தோட்டா சுட்டுச் சிக்காத பிஸ்டலும் ஆறாயிரம் சுட்டுச் சிக்காத பிஸ்டலும் காகிதத்தில் ஒரே மாதிரி 'பூஜ்யம்' காட்டும். ஆனா, இரண்டைப் பற்றியும் நமக்குத் தெரிந்தது ஒன்றல்ல. அந்த 37 கோளாறை 6,000-க்குக் கணக்கிட்டால், சுமார் 160 தோட்டாவுக்கு ஒன்று. மேகசினுக்கு ஏழு தோட்டா என்று வைத்தால், 23 மேகசினில் ஒருமுறை. பொழுதுபோக்குக்குச் சுடுபவருக்கு அது எரிச்சல். போர்க்களத்தில் இருப்பவருக்கு அது உயிர்.

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. சுட்டது ஒரே ஒரு பிஸ்டல். பெட்டியிலிருந்து எடுக்கும் அடுத்த பிஸ்டலும் அப்படியே இருக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. பிஸ்டல் சிக்குவதற்குப் பிஸ்டல் மட்டுமே காரணமும் இல்லை. மேகசினின் வாய் வளைந்திருக்கலாம், அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், தோட்டா சரியில்லாமல் இருக்கலாம், உள்ளே கரி படிந்திருக்கலாம். பிடி தளர்ந்தால்கூட ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் காலி உறை நடுவில் மாட்டிக்கொள்ளும். தன்னுடைய மேகசினில், தான் பயன்படுத்தப்போகும் அதே தோட்டாவில், தன் கையில் சோதித்துப் பார்க்காத வரை, அடுத்தவர் சொல்லும் எண் பாதிப் பதில்தான்.

ஒரே ஆண்டில் ஒரு விருந்து, ஒரு கொலை

பெல்ஜியத்தில் பிரௌனிங்கின் பெயர் பொருளின் பெயராகவே மாறிப்போனது. ஜெராக்ஸ் என்றால் நகல் என்பது மாதிரி, பிரெஞ்சு பேசுபவர்களுக்கு 'பிரௌனிங்' என்றால் பிஸ்டல். அவர் பெயர் தாங்கிய பிஸ்டல்களின் தயாரிப்பு 10 லட்சத்தைத் தொட்டதை 1914 தொடக்கத்தில் எஃப்.என். விருந்து வைத்துக் கொண்டாடியது. பெல்ஜிய அரசும் அவருக்கு லியோபோல்டு விருது வழங்கியது.

அதே ஆண்டு ஜூன் 28. சரஜேவோ நகரத் தெருவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவி சோஃபியையும் 19 வயது கவ்ரிலோ பிரின்சிப் சுட்டுக் கொன்றார். கையில் இருந்தது எஃப்.என். மாடல் 1910. வடிவமைப்பு பிரௌனிங். தோட்டா .380, அதுவும் பிரௌனிங்.

பிஸ்டல் சிக்கவில்லை. சில வாரங்களில் முதல் உலகப் போர் தொடங்கியது. ஆகஸ்டில் ஜெர்மன் படை லியேஜைப் பிடித்தது.

1917-ல் அமெரிக்காவும் போரில் இறங்கியபோது ராணுவம் மறுபடியும் பிரௌனிங்கிடம் வந்தது. அந்த ஆண்டு மே மாதம் ஸ்பிரிங்ஃபீல்டில் அவருடைய இயந்திரத் துப்பாக்கிக்குச் சோதனை. முதலில் 20,000 தோட்டா, பிறகு இன்னொரு 20,000. சந்தேகப்பட்டவர்களுக்காக இரண்டாவது துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்து 48 நிமிடம் 12 விநாடி விடாமல் ஓட்டிக் காட்டினார். இந்த ஆயுதங்களைப் போருக்குப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமைக்காக அரசு மொத்தமாக 7.5 லட்சம் டாலர் தர முன்வந்தது. வழக்கமான ராயல்டிப்படி பார்த்தால் இதைவிடப் பல மடங்கு வந்திருக்கும். ஒரு காலத்தில் ராயல்டிக்காகவே வின்செஸ்டரை விட்டு வந்தவர், பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார். அவருடைய மகன் வாலும் சீருடை அணிந்து போர்முனைக்குப் போனார்.

கடைசி மேசை

போருக்குப் பிறகும் அவர் ஆக்டனுக்கும் பெல்ஜியத்துக்கும் மாறி மாறிப் பயணித்துக்கொண்டே இருந்தார். 1926 நவம்பர் 26 அன்று எஃப்.என். தொழிற்சாலையில், மகன் வாலின் அலுவலக அறையில், இதயம் செயலிழந்து இறந்தார். வயது 71. பெயரில் 128 காப்புரிமைகள். உடல் ஆக்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

அப்போது ஒரு 9 மி.மீ. பிஸ்டல் பாதியில் நின்றிருந்தது. பிரெஞ்சு ராணுவம் அதிகத் தோட்டா கொள்ளும் பிஸ்டல் வேண்டும் என்று கேட்டதால் ஆரம்பித்தது. எஃப்.என். பொறியாளர் டியூடொன்னே செவ் அதை முடித்தார். 13 தோட்டா கொள்ளும் அது 1935-ல் 'ஹை-பவர்' என்று வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரில் இரண்டு தரப்புச் சிப்பாய்களும் அதைப் பயன்படுத்தினார்கள்.

இந்தியாவில் பிரௌனிங்

அந்த ஹை-பவர்தான் கொல்கத்தா அருகே உள்ள இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் 'பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ' என்ற பெயரில் தயாரானது. நம் ராணுவ அதிகாரிகளின் இடுப்பில் நீண்ட காலம் இருந்தது அதுதான்.

பொதுமக்கள்? இங்கே 9 மி.மீ.யும் .45-ம் பொதுவாகத் தடை செய்யப்பட்ட வகை. சாதாரண உரிமத்தில் வாங்கக்கூடிய பிஸ்டல் .32. இந்திய ஆயுதத் தொழிற்சாலை விற்கும் .32 பிஸ்டலில் ஏற்றும் தோட்டா, மாடல் 1900-க்காக பிரௌனிங் உருவாக்கிய அதே தோட்டா.

விளையாட்டில் நம்பகத்தன்மையின் விலை என்னவென்று 2021-ல் டோக்கியோவில் பார்த்தோம். ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் துப்பாக்கியில் மின்னணு விசைப் பகுதி கோளாறானது. சரிசெய்வதற்குள் பல நிமிடங்கள் போய்விட்டன. 8 பேர் இறுதிச் சுற்றுக்குப் போனார்கள், அவர் 12-வது இடம். 2024 பாரிஸில் இரண்டு வெண்கலத்தோடு திரும்பி வந்தது வேறு கதை. அங்கே சிக்கினால் போவது பதக்கம்.

ஆனா, இந்த நாட்டின் வரலாற்றில் சிக்காமல் போன ஒரு பிஸ்டலும் உண்டு. 1948 ஜனவரி 30 அன்று டெல்லி பிர்லா மாளிகையில் நாதுராம் கோட்சே கையில் இருந்தது இத்தாலியத் தயாரிப்பான பெரெட்டா எம்1934. அதை வடிவமைத்தது பிரௌனிங் அல்ல. ஆனா அதில் ஏற்றியிருந்த தோட்டா, சரஜேவோவில் வெடித்த அதே வகை .380. மூன்று முறை சுடப்பட்டது. மூன்று முறையும் வேலை செய்தது.

நம்பகத்தன்மை என்ற சொல்லுக்கு அதற்கு மேல் அர்த்தம் இல்லை. விசையை அழுத்தினால் சுடும். அழுத்துவது யார், எதற்காக என்பது பிரௌனிங் நடத்திய எந்தச் சோதனையிலும் அளக்கப்படவில்லை. இரும்பில் அதை அளக்கவும் முடியாது.

அதைக் கேட்கும் வேலை சட்டத்துடையது. எந்தப் பிஸ்டல் நல்லது என்ற கேள்வியோடு ஒரு அமெரிக்கர் நேராகக் கடைக்குப் போகலாம். இந்தியாவில் 1959-ன் ஆயுதச் சட்டப்படி வரிசை தலைகீழ். முதலில் விண்ணப்பம், அதில் எதற்காக வேண்டும் என்ற காரணம், பிறகு காவல்துறையின் அறிக்கை, அதன் பிறகுதான் உரிமம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. கல்யாணத்திலும் திருவிழாவிலும் கொண்டாட்டத்துக்காகச் சுட்டு மற்றவர்களுக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ரேஞ்சில் சேர்ந்து கற்றுக்கொள்ள நினைப்பவர்களும், உரிமத்துக்கு விண்ணப்பிக்க யோசிப்பவர்களும் பிரௌனிங்கிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எண்ணிப் பார்க்கும் பழக்கத்தைத்தான். எத்தனை தோட்டா, எத்தனை கோளாறு, யார் சுட்டது, எந்தத் தோட்டா என்று கேளுங்கள். ஆனா அதற்கு முன்னால், அந்த விண்ணப்பத்தில் காரணம் கேட்கும் கட்டத்துக்கு உங்களிடம் நேர்மையான பதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.